எடைக்குப் பதில் அகலம்: பல உடல் பாய்மரப் படகு எப்படி நிற்கிறது, எங்கே உடைகிறது

பாய்மரப் படகுகளைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. 2017 ஜனவரியில் 'ஐடெக் ஸ்போர்ட்' என்ற மூன்று உடல் படகு, ஃபிரான்சிஸ் ஜுவாயோன் உட்பட 6 பேரோடு உலகை 40 நாள் 23 மணி நேரத்தில் சுற்றி முடித்தது. 2024-இல் ஷார்ல் கோத்ரலியே தனி ஆளாக அதே வகைப் பெரும்படகு ஒன்றில் 50 நாட்களுக்குச் சற்று மேல் எடுத்து உலகைச் சுற்றி, தனி ஆட்களுக்கான உலகச் சுற்றுப் பந்தயத்தையும் வென்றார். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், குடும்பத்தோடு கடலோட வாங்கிய இரட்டை உடல் படகின் உட்சுவரில் விரிசல் விட்டதாகவும், எங்கோ ஒன்று தலைகீழாக மிதப்பதாகவும் படிக்கிறோம். "அப்படியானால் இந்த வகைப் படகு பாதுகாப்பானதா, இல்லையா?" என்ற குழப்பம் வருவது இயல்பு.

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்: இந்தப் படகுகள் அடியில் ஈயத்தையோ இரும்பையோ சுமப்பதில்லை, அதற்குப் பதிலாக அகலமாக நிற்கின்றன. வேகம், கவிழும் விதம், சுவர் விரிசல், பழுதுபார்க்கும் முறை எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளைக்கின்றன.

## முதலில் சில சொற்கள்

ஒரே உடல் கொண்ட வழக்கமான பாய்ப் படகு மோனோஹல். ஒரே அளவுள்ள இரண்டு உடல்களை இணைத்தது கேட்டமரான். நடுவில் பெரிய உடலும் இருபுறம் மெல்லிய மிதவை உடல்களும் கொண்டது ட்ரைமரான். பின்னவை இரண்டையும் சேர்த்து இங்கே பல உடல் படகு என்கிறேன். பயணக் கேட்டமரானில் இரண்டு உடல்களுக்கும் நடுவே தண்ணீருக்கு மேலே பாலம் போல ஒரு தளம் இருக்கும். அது பாலத் தளம். பாய்மரம் பெரும்பாலும் அதன் நடுவில்தான் நிற்கும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பவை பக்கக் கம்பிகள், முன்னால் பிடிப்பது முன்கம்பி. படகின் முன்முனை அணியம். உடலுக்குக் குறுக்கே எழுப்பிய சுவர் குறுக்குச் சுவர்.

## கவிழாமல் நிற்பது எப்படி

மோனோஹல் காற்றில் சாயும். சாயச் சாய, அடியில் துடுப்பு போலத் தொங்கும் கனமான கீலின் எடை அதை நிமிர்த்தப் பார்க்கும். பயணப் படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், இந்தக் கீல் எடைதான். சாய்வு 60 பாகையை எட்டும்போதுகூட நிமிர்த்தும் விசை பெரிதாகக் குறைவதில்லை. நல்ல மோனோஹல், பாய்மரம் தண்ணீரைத் தொட்டாலும் திரும்ப எழும்.

பல உடல் படகு இதற்கு நேர்மாறு. ஓடும் பேருந்தில் காலை அகட்டி நிற்பவரைப் போல, அது அகலத்தால் நிற்கிறது. காற்று அழுத்தும்போது எதிர்ப்பக்க உடல் சிறிது அமிழும், காற்று வரும் பக்கத்து உடல் லேசாகும். சாய்வு மிகச் சிறியது, மேசையில் வைத்த கோப்பைகூடப் பெரும்பாலும் நகராது. ஆனால் காற்றுப்பக்க உடல் தண்ணீரை விட்டுக் கிளம்பும் அந்தக் கணத்திலேயே நிமிர்த்தும் விசை உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாகைச் சாய்வுக்கும் அது குறைந்துகொண்டே போகும். 90 பாகையை நெருங்கும்போது எதுவும் மிஞ்சாது. அதைத் தாண்டினால் படகு தலைகீழாகிவிடும். அகலம் அந்த நிலையிலும் அதே உறுதியோடு தாங்கும் என்பதால் அது தானாக நிமிராது.

எளிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 மீட்டர் பயணக் கேட்டமரான் என்று வைத்துக்கொள்வோம்.

1. எடை 6,000 கிலோ. இரண்டு உடல்களின் மையங்களுக்கு இடையே 6 மீட்டர்.
2. ஓர் உடல் கிளம்பும்போது மொத்த எடையும் மறு உடலின் மேல். படகின் எடைமையம் அதிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே உச்ச நிமிர்த்தும் திருப்புவிசை 6,000 × 3 = 18,000 (கிலோ × மீட்டர்).
3. பாய்ப்பரப்பு 80 சதுர மீட்டர், காற்றின் விசை செயல்படும் மையம் 8 மீட்டர் உயரம். 18,000-ஐ 8-ஆல் வகுத்தால் 2,250 கிலோ. பாயின் மேல் இவ்வளவு பக்க விசை விழுந்தால் உடல் கிளம்பிவிடும்.
4. அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 28 கிலோ. நன்றாக இழுத்துக் கட்டிய பாய்க்கு அந்த அழுத்தம் வரக் காற்று சுமார் 36 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் வீச வேண்டும்.

36 நாட் என்பது பெரிய காற்றாயிற்றே, பயமில்லை என்று தோன்றலாம். ஆனால் காற்று சீராக அடிப்பதில்லை, அதன் வீச்சு சராசரியைவிட 40 சதவீதம் கூடுவது சாதாரணம். சராசரி 26 நாட் இருக்கும்போதே வீச்சு 36-ஐத் தொட்டுவிடும். பாயின் மேல் விழும் விசை காற்று வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: 20 நாட் 30 நாட் ஆனால் காற்று ஒன்றரை மடங்கு, விசை இரண்டே கால் மடங்கு. அதனால்தான் இந்த அளவுப் படகில் 20 நாட் அளவிலேயே முதல் சுருக்கு போட்டுப் பாயைக் குறைக்கிறார்கள்.

மோனோஹல் ஓட்டிப் பழகியவர் இதை மனதில் அழுத்திப் பதித்துக்கொள்ள வேண்டும். மோனோஹல் சாய்ந்து சாய்ந்து எச்சரிக்கும். உடம்பே சொல்லிவிடும். பல உடல் படகில் உடம்புக்கு எதுவும் தெரியாது. காற்றுமானி காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்க வேண்டும், "இன்னும் நன்றாகத்தானே போகிறது" என்ற உணர்வை நம்பி அல்ல.

அளவும் ஒரு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஒரு படகை எல்லாப் பக்கமும் இருமடங்காக்கினால், கவிழ்க்கும் திருப்புவிசை (பாய்ப்பரப்பு × உயரம்) 8 மடங்காகும், நிமிர்த்தும் திருப்புவிசை (எடை × அகலம்) 16 மடங்காகும். ஆகவே ஒரே வடிவத்தில் பெரிய படகு எப்போதும் அதிக உறுதியோடு நிற்கும். கரையோரம் விளையாட ஓட்டும் சிறு கேட்டமரான்கள் அடிக்கடி கவிழ்வதையும் ஓட்டுபவரே அவற்றை நிமிர்த்துவதையும் பார்த்துவிட்டு, 14 மீட்டர் பயணப் படகையும் அதே கண்ணால் பார்ப்பது தவறு. பெரியது எளிதில் கவிழாது, கவிழ்ந்தால் கடலில் வைத்து நிமிர்த்தவும் முடியாது.

## காற்றோடு போகும்போது மறைந்திருக்கும் ஆபத்து

பக்கவாட்டில் கவிழ்வதைவிட ஏமாற்றுவது, அணியம் நீரில் குத்திக் குப்புறப் புரள்வது. இது பெரும்பாலும் காற்று பின்னாலிருந்து வீசும்போது நடக்கிறது.

நிஜக் காற்று 25 நாட் என்று வையுங்கள். படகு அதே திசையில் 12 நாட்டில் ஓடுகிறது. படகில் நிற்பவருக்கு 13 நாட் காற்றுதான் தெரியும். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம் போல இதமாக இருக்கும். இப்போது அணியம் முன்னால் போகும் அலையின் முதுகில் குத்தி, வேகம் சட்டென்று அறுகிறது. அந்தச் சில நொடிகளில் பாயின் மேல் விழும் காற்று 13-லிருந்து 25-ஐ நோக்கி ஏறும். விசை ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கு மேல் கூடும், அதுவும் பாய்மரத்தின் உச்சியைப் பிடித்து முன்னோக்கித் தள்ளும் விதத்தில்.

ஆகவே வடிவமைப்பாளர் அணியத்தில் மிதப்பை அள்ளி வைக்கிறார்: நீர்மட்டத்துக்கு மேலே போகப் போக விரியும் வடிவம், அல்லது அலையைத் துளைத்து அமிழ அமிழ எதிர்ப்பைக் கூட்டும் நீண்ட மெல்லிய முனை. நங்கூரச் சங்கிலி, பாய்மூட்டைகள் போன்ற எடைகளை முனையிலிருந்து விலக்கி நடுவுக்குக் கொண்டுவருவார். ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றே. பின்காற்றில் பாயைச் சுருக்க, தெரியும் காற்றைக் கணக்கில் எடுக்காமல் நிஜக் காற்றை எடுக்க வேண்டும்.

கடுமையான கடல் என்ன செய்யும் என்பதற்கு 2002-இன் ரூட் து ரும் அட்லாண்டிக் பந்தயம் சாட்சி. 60 அடி ட்ரைமரான்கள் 18 புறப்பட்டன. புயலில் கவிழ்ந்தவை, உடைந்தவை, திரும்பியவை போக 3 மட்டுமே பந்தயத்தை முடித்தன. அவை காற்றின் எல்லைவரை தள்ளப்பட்ட பந்தயப் படகுகள். பயணப் படகுக்கு அந்த எல்லை தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் இயற்பியல் ஒன்றுதான்.

## வேகம் எங்கிருந்து வருகிறது

அகலமான ஓர் உடல் தண்ணீரில் ஓடும்போது தன் நீளத்துக்குச் சமமான அலையை உண்டாக்கி, அந்தப் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். 12 மீட்டர் நீர்மட்ட நீளமுள்ள மோனோஹலுக்கு இந்த எல்லை சுமார் 8.4 நாட். உடலின் நீளம் அகலத்தைப் போல 8 அல்லது 10 மடங்குக்கு மேல் இருந்தால் அலை எழுப்புவது வெகுவாகக் குறையும், எல்லையும் கரைந்துபோகும். மெல்லிய உடல் தனியாக நிற்காது, கவிழும். இரண்டு மூன்றை அகலமாகக் கோத்தால் நிற்கும். பல உடல் படகின் வேக ரகசியம் முழுவதும் இதுதான். ஈயம் இல்லாததால் வரும் எடைக்குறைவு இதற்குத் துணை.

1978-இல் முதல் ரூட் து ரும் பந்தயத்தின் முடிவு இதைக் கண்கூடாக்கியது. மைக் பெர்ச்சின் 12 மீட்டருக்கும் குறைவான சிறு ட்ரைமரான், ஏறத்தாழ இருமடங்கு நீளமான மோனோஹலை அட்லாண்டிக்கைக் கடந்த பிறகு 98 நொடி வித்தியாசத்தில் முந்தியது. அன்றிலிருந்து அந்தப் பந்தயத்தின் முதலிடம் பல உடல் படகுகளின் கையில்தான்.

இன்றைய 32 மீட்டர் ட்ரைமரான்கள் ஒரு படி மேலே போய், நீரடி இறக்கைகளால் உடலையே தூக்குகின்றன. 2017-இல் இறங்கிய 'மாக்ஸி எட்மண் தெ ரோட்ஷில்ட்' திறந்த கடலில் பறப்பதற்காகவே வரையப்பட்டது. இறக்கையின் தூக்கு விசையும் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. பயணப் படகுகளுக்கு இது இப்போதைக்குத் தேவைப்படாத சிக்கல்.

## சாயாத படகு சுமையை எங்கே அனுப்புகிறது

செய்திகளில் வரும் விரிசல்களின் வேர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மோனோஹல் பலத்த காற்றில் சாயும்போது பாயிலிருந்து காற்று வழிந்துவிடும். சாய்வே அதற்கு ஒரு பாதுகாப்பு. பல உடல் படகு சாயாது. காற்று கொடுக்கும் விசை அனைத்தையும் கம்பிகளும் பாய்மரமும் உடலை இணைக்கும் சட்டகமும்தான் வாங்க வேண்டும்.

மேலே போட்ட அதே கணக்கை நீட்டுவோம். பக்கக் கம்பி பாய்மரத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப் பிடித்திருக்கிறது. 18,000-ஐ 3-ஆல் வகுத்தால் 6,000 கிலோ. அதாவது காற்றுப்பக்கக் கம்பி அந்தப் பக்கத்து உடலை 6 டன் விசையோடு மேலே இழுக்கிறது. முன்கம்பி, பாயை ஏற்றும் கயிறு, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு எல்லாம் சேரும்போது பாய்மரம் கீழ்நோக்கி அழுத்தும் விசை 10 டன்னைத் தாண்டிவிடும். படகின் எடையே 6 டன்தான்!

மோனோஹலில் இந்த அழுத்தம் நேராகக் கீலின் மேல் இறங்கும், அங்கே படகின் மிக உறுதியான இடம் இருக்கிறது. கேட்டமரானில் பாய்மரத்துக்கு நேர் கீழே இருப்பது வெறும் பாலத் தளம், அதற்குக் கீழே காற்று. நடுவில் 10 டன் கீழே அழுத்த, இரு முனைகளிலும் கம்பிகள் மேலே இழுக்க, 6 மீட்டர் நீள உத்திரம் ஒன்று நடுவில் தொய்யப் பார்க்கிறது. அந்த உத்திரத்தின் வேலையைச் செய்வதுதான் முதன்மைக் குறுக்குச் சுவர். மேல்தளம் உத்திரத்தின் மேல் விளிம்பாகவும், பாலத் தளம் கீழ் விளிம்பாகவும், சுவர் இடையிலுள்ள வயிறாகவும் வேலை செய்கின்றன.

உள்ளே தங்குபவர்களுக்கு நடமாட வழி வேண்டுமே? முன் அறைக்கும் பின் அறைக்கும் போக அந்தச் சுவரில் கதவு வெட்டுகிறார்கள். உத்திரத்தின் வயிற்றில் ஓட்டை போடுவது போலத்தான். விசை வாசலைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் அதன் மூலைகளில் குவியும். கூர்மையான மூலையாக இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். நல்ல வடிவமைப்பில் வாசலின் மூலைகள் பெரிய வளைவாக இருக்கும், சுற்றிலும் கூடுதல் இழை அடுக்குகள் இருக்கும், இழைகள் 45 பாகையில் குறுக்கும் மறுக்குமாகப் போடப்பட்டிருக்கும். சுவரில் ஏற்படுவது பெரும்பாலும் கத்தரிக்கோல் போன்ற வெட்டு விசை. நேராகவும் கிடையாகவும் போடும் இழைகள் அதை எதிர்க்காது, சாய்வாகப் போடும் இழைகள்தான் எதிர்க்கும். சாதாரண பிளைவுட் சுவரை மட்டும் நம்பியிருக்கும் கட்டுமானம் பலவீனமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது ஒரு விசை. இன்னொன்று முறுக்கு. அலை குறுக்காகச் சாய்ந்து வரும்போது ஓர் உடலின் அணியம் உயர, மறு உடலின் பின்முனை உயரும். படகே ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கப்படுகிறது. இதை எதிர்க்க இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. முதலாவது, முழுப் பாலத் தளத்தையும் மூடிய பெட்டியாக்கி விறைப்பாக நிற்க வைப்பது. இன்றைய தொழிற்சாலைப் பயணக் கேட்டமரான்கள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாவது, உடல்களைக் குறுக்குக் கட்டைகளோடு கயிற்றால் கட்டி, கொஞ்சம் ஆட விடுவது. 1950-களில் சுமார் 7 மீட்டர் கேட்டமரானில் அட்லாண்டிக்கைக் கடந்த படகு வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வாரம் (James Wharram) இந்த வழியைத்தான் கடைசிவரை வலியுறுத்தினார். ஆடும் இணைப்பில் விசை ஒரே இடத்தில் குவிவதில்லை, பழுதையும் கயிறு மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனால் முன்கம்பியை இறுக்கமாக வைத்திருக்க முடியாது, அதனால் காற்றை எதிர்த்து ஏறும் திறன் கொஞ்சம் போகும். இரண்டும் நேர்மையான தீர்வுகள். இடைப்பட்ட அரைகுறை விறைப்புதான் ஆபத்து.

'டீம் ஃபிலிப்ஸ்' என்ற 120 அடி கேட்டமரான் இதை உலகறிய வைத்தது. 2000 மார்ச்சில் சோதனை ஓட்டத்திலேயே ஓர் உடலின் முன்பகுதி முறிந்து விழுந்தது. சரிசெய்து மீண்டும் இறக்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் புயலில் சிக்கி, ஆட்கள் மீட்கப்பட்டு, படகு கைவிடப்பட்டது. நீண்ட மெல்லிய உடல் வேகம் தரும். அந்த நீளம் முழுவதும் ஒரு நெம்புகோலாகவும் மாறும்.

## கட்டும் முறை: மெல்லிய தோல், நடுவில் ஃபோம்

எடை குறைவாகவும் விறைப்பாகவும் வேண்டும் என்பதால் சாண்ட்விச் கட்டுமானம் வந்தது. ஃபைபர் கிளாஸ் தோல் இரண்டுக்கும் நடுவே லேசான ஃபோம் அல்லது பால்சா மரம்.

6 மில்லிமீட்டர் திண்ணமான ஃபைபர் கிளாஸ் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 3 + 3 என்று பிரித்து நடுவில் 18 மில்லிமீட்டர் ஃபோம் வைத்தால் மொத்தத் தடிமன் 24. விறைப்பு தடிமனின் மும்மடிப்படி கூடுவதால், நடுவிலுள்ள ஃபோமின் பங்கைக் கழித்த பிறகும் வளைவுக்கு எதிரான விறைப்பு சுமார் 37 மடங்காகும். எடையோ? தகடு சதுர மீட்டருக்கு 11 கிலோ என்றால், கன மீட்டருக்கு 80 கிலோ எடையுள்ள ஃபோம் சேர்ப்பது ஒன்றரை கிலோகூட இல்லை.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிபந்தனை இருக்கிறது: தோலும் ஃபோமும் ஒட்டியே இருக்க வேண்டும். பிரிந்தால் 37 மடங்கு காணாமல் போய், இரண்டு மெல்லிய தகடுகள்தான் மிஞ்சும். ஆகவே கட்டுமானத் தரம் என்பது பெரும்பாலும் ஒட்டின் தரம்தான்.

இழைகளைப் பிணைத்து இறுகும் பிசினான ரெசினைக் கையால் தடவும் பழைய முறைக்குப் பதிலாக இப்போது வெற்றிட முறை பரவலாகிவிட்டது. அதன் வரிசை இப்படி:

1. அச்சில் இழைத் துணியும் ஃபோமும் உலர்வாகவே அடுக்கப்படும்.
2. மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, விளிம்பெல்லாம் பசைநாடாவால் மூடி, காற்றை உறிஞ்சுவார்கள். சதுர மீட்டருக்கு 9 டன்னுக்கு மேல் வளிமண்டல அழுத்தம் அடுக்கை அமுக்கும்.
3. பம்பை நிறுத்திவிட்டு அளவுமானியைப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு. காதை உறைக்குப் பக்கத்தில் வைத்து, மெல்லிய சீறல் சத்தம் வரும் இடத்தைத் தேடி அடைக்கும் வரை ரெசினைத் திறக்கவே கூடாது.
4. பிறகு ரெசின் குழாய் திறக்கப்படும். துணி நிறம் மாறி, ரெசின் முகப்பு மெல்ல நகர்வது உறைக்கு வெளியே தெரியும்.

மூன்றாவது படியில் பொறுமை இழந்தால் விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். கசிந்த காற்று குமிழிகளாக உள்ளே மாட்டி, தோலுக்கும் ஃபோமுக்கும் இடையே ஒட்டாத திட்டுகள் உருவாகும். வெளியே பளபளவென்று பெயிண்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது.

போல்ட் போட்டு இறுக்கும் இடங்களில் லேசான ஃபோம் நசுங்கும். அங்கே முன்கூட்டியே ஃபோமை எடுத்துவிட்டுத் திண்ணமான அடுக்கோ அடர்ந்த ஃபோமோ வைக்க வேண்டும். பக்கக் கம்பி பிடிக்கும் உலோகத் தகடுகள், கைப்பிடிக் கம்பங்கள், கயிற்றுச் சுருளிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கார்பன் ஃபைபரை எல்லா இடத்திலும் போட்டதாகப் பெருமை பேசும் விளம்பரங்களைவிட, இந்தச் சின்ன இடங்களை எப்படிக் கட்டினார்கள் என்று கேட்பது பயன் தரும் என்பது என் கருத்து.

## சாமான் ஏற்றினால் என்ன ஆகும்

மெல்லிய உடலுக்கு ஒரு விலை உண்டு: அது சுமையை மன்னிக்காது. நம் 12 மீட்டர் படகின் இரு உடல்களும் சேர்ந்து நீர்மட்டத்தில் 18 சதுர மீட்டர் அளவுதான் இடம் பிடிக்கின்றன. 185 கிலோ ஏற்றினால் 1 சென்டிமீட்டர் அமிழும். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், பேட்டரி, நீர்மூழ்கு உபகரணம், துணைப்படகு என்று ஒரு டன் சேர்ந்தால் 5 சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டது.

பாலத் தளம் தண்ணீரிலிருந்து 70, 75 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அதில் 5 போனால் அலைகள் தளத்தின் அடியில் அறைவது கூடும். உள்ளே இருப்பவருக்கு அது சம்மட்டி அடி போலக் கேட்கும், பாத்திரங்கள் குலுங்கும், தளமே நடுங்கும். தூக்கம் போவதோடு நிற்காமல், அந்த அடிகள் ஃபோம் ஒட்டையும் சோர்வடையச் செய்கின்றன.

இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. எடை கூடினால் நிமிர்த்தும் திருப்புவிசையும் கூடுகிறது. கேட்க நல்லதாகத் தோன்றும். ஆனால் படகு இன்னும் சாயாமல் நின்று, கம்பிகளுக்கும் குறுக்குச் சுவருக்கும் இன்னும் அதிக விசையை அனுப்பும். 6 டன்னுக்குக் கணக்கிட்ட சுவர் 8 டன் படகில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமையை வாங்குகிறது. விற்பனைக் காகிதத்தில் இருக்கும் வெற்று எடையை விட்டுவிட்டு, அதிகபட்சச் சுமையோடு கூடிய எடைக்குக் கட்டமைப்பு கணக்கிடப்பட்டதா என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

## கவிழ்ந்த பிறகு

ஃபோமும் மரமும் உள்ள, ஈயம் இல்லாத படகு தலைகீழானாலும் பொதுவாக மூழ்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொழுதுபோக்குப் படகு விதிகளே, கவிழக்கூடிய, உள்ளே தங்கும் வசதியுள்ள பல உடல் படகுகள் தலைகீழாகவும் மிதக்க வேண்டும், உள்ளிருந்து வெளியேற வழி இருக்க வேண்டும் என்கின்றன. உடலின் உட்பக்கச் சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் சிறு ஜன்னல் அழகுக்காக வைத்தது அல்ல, அதுதான் அந்த வழி. மோனோஹல் நிமிரும், ஓட்டை விழுந்தால் மூழ்கும். பல உடல் படகு நிமிராது, ஓட்டை விழுந்தாலும் மிதக்கும். எது மேல் என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உயிர்காப்பு மிதவையையும் அவசரச் சாமான்களையும் தலைகீழான நிலையிலும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டும் இதிலிருந்து நிச்சயமாகத் தெரிகிறது.

## பராமரிப்பு: எங்கே பார்க்க வேண்டும்

1. குறுக்குச் சுவர். சுவர் உடலோடு சேரும் விளிம்பில் ஒட்டியிருக்கும் இழை நாடாவைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடு தெரிந்தால் நாடா பிரியத் தொடங்கிவிட்டது. வாசல் மூலைகளில் மயிரிழை விரிசல், பாய்மரத்துக்குக் கீழே அலமாரிப் பலகைகள் பிதுங்குவது, துறைமுகத்தில் நன்றாக மூடும் கதவு பாய் ஏற்றியதும் உரசுவது எல்லாம் அறிகுறிகள். கதவுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்து வைத்துக்கொள்வது மிக எளிய, மிகப் பயனுள்ள வழக்கம்.

2. கம்பிகள். காற்றில் ஓடும்போது எதிர்ப்பக்கக் கம்பி கொஞ்சம் தளர்வது இயல்பு. ஆண்டுக்கு ஆண்டு தளர்ச்சி கூடினால், கம்பி நீண்டிருப்பதைவிடப் படகு வளையத் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். திருகி இறுக்கிவிட்டு மறந்துபோவது நோயை மறைப்பதாகும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை 10 ஆண்டுகளை ஒட்டி மாற்றிவிடுவது பரவலான வழக்கம்.

3. ஃபோமும் பால்சாவும். நாணயத்தால் தளத்தைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். 'டிங்' என்று கூர்மையாகக் கேட்டால் ஒட்டு நலம். 'டொக்' என்று மங்கினால் தோல் பிரிந்திருக்கலாம் அல்லது உள்ளே தண்ணீர் இருக்கலாம். பால்சாவில் இது அவசரம். போல்ட் ஓட்டை வழியே போன ஈரம் பரவி மரத்தை மக்கச் செய்துவிடும். ஓட்டையைப் பெரிதாக்கி, உலர்த்தி, கெட்டியான எபாக்ஸிப் பசையால் நிரப்பி, அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டால் தண்ணீர் மையப் பொருளைத் தொடவே முடியாது.

4. முன் குறுக்குக் குழாய். முன்கம்பியைத் தாங்கும் அலுமினியக் குழாயில் எஃகுப் பாகங்கள் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியும் கொப்புளமும் தெரியும். இரண்டு உலோகங்களும் தொடாதபடி தடுப்புப் பசை அவசியம்.

5. வலைத்தளம். அணியங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் வலை வெயிலில் இற்றுப்போகும். கையால் கிள்ளினால் இழை பொடியாகக் கையோடு வந்தால் உடனே மாற்ற வேண்டும். அதன் மேல் இரவில் ஆள் நடக்கிறார்.

6. இரட்டைப் பாகங்கள். சுக்கான் இரண்டு, எஞ்சின் இரண்டு. இரு சுக்கான்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் படகு எப்போதும் பிரேக் போட்டபடி ஓடும்.

7. கரையேற்றம். இரு உடல்களின் அடியிலும் உள்ள ஈயமற்ற சிறு கீல்களின் கீழே தாங்குகட்டைகள், குறுக்குச் சுவர்களுக்கு நேர் கீழே, ஒரே மட்டத்தில். மழையில் ஒரு பக்க மண் அமுங்கினால் படகு மாதக்கணக்கில் முறுக்கப்பட்ட நிலையிலேயே நிற்கும். கடல் கொடுக்கும் அதே முறுக்கு, இடைவெளியே இல்லாமல். முதல் வாரத்தில் மட்டத்தைத் திரும்பச் சரிபார்ப்பது நல்லது.

விரிசல் கண்ட சுவரைப் பழுதுபார்ப்பதில் வரிசை தவறினால் செலவெல்லாம் வீண். பாய்மரம் நின்றபடியே விரிசல் மேல் இழைத்துணி ஒட்டினால், வளைந்த வடிவத்தையே நிரந்தரமாக்குகிறோம். முதலில் கம்பிகளைத் தளர்த்திப் பாய்மரத்தை இறக்க வேண்டும். தளத்தை ஜாக்கிகளால் மெல்லத் தூக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சேதமான மரத்தையும் ஒட்டையும் நல்ல பகுதி தெரியும் வரை வெட்டியெடுத்து, புதிய அடுக்குக்காகத் தோலை அதன் தடிமனைப் போல 12 மடங்கு நீளத்துக்காவது சரிவாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் விசை பழையதிலிருந்து புதியதற்குப் படிப்படியாக மாறும். எபாக்ஸி முழுதாக இறுகிய பிறகே பாய்மரம் ஏறலாம். முதல் பலத்த காற்றுப் பயணம் முடிந்ததும் கதவுச் சட்டத்தின் மூலைவிட்டங்களை மறுபடி அளக்க வேண்டும். எண்கள் மாறியிருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, காரணம் கிடைக்கும் வரை அந்தப் படகைப் பெரிய கடலுக்கு எடுத்துப் போகக் கூடாது.